புரியுதா என்று கேட்கக் கூடாது

நேற்று சாயங்காலம் அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு குரல், "புரியுதா?" என்று கேட்டது. நான் கையில் பால்சட்டியோடு, கொஞ்சமும் யோசிக்காமல், "புரியுது சார்" என்றேன். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஆள் இல்லை. மஞ்சள்பொடி டப்பாவில் சாய்த்து வைத்திருந்த என் கைபேசிதான் கேட்டிருந்தது.

அது பயிற்சி. தலைமையாசிரியர்களுக்கான தலைமைப் பண்புப் பயிற்சி. இப்போதெல்லாம் எங்களுக்கு அது கைபேசியிலேயே வந்துவிடுகிறது. ஒரு வீடியோ ஓடும், ஓட ஓட அடியில் ஒரு பச்சைக் கோடு நீளும். கோடு நிறைந்தால் அந்தப் பகுதி முடிந்ததாகக் கணக்கு. அது பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டுக் கீரை ஆயலாம், துணி மடிக்கலாம், தோசைக்கு அரைக்கலாம். மிக்ஸி ஓடும்போது மட்டும் பயிற்சி கேட்காது. திரையில் பேசுகிற தம்பியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சட்டை கசங்காமல், கண் இமைக்காமல், யாரோ நம் தோளுக்குப் பின்னால் நிற்பதுபோலப் பார்த்துப் பேசுகிறார். பாவம், அவர் "புரியுதா?" என்று கேட்டது அவருடைய குற்றம் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லில் எனக்கு மூக்கு நிறைய ஸ்கெட்ச் பேனா வாசம் ஏறிவிட்டது.

உங்களுக்கு அந்த வாசம் தெரியுமோ என்னவோ. கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் பழம் அழுகின மாதிரி, ஆனால் திரும்பத் திரும்ப மோந்து பார்க்கத் தோன்றும். அதோடு சார்ட் அட்டை, பசை, ஈரக்குடை, பருப்புவடை எல்லாம் கலந்தால் அதுதான் எங்கள் காலத்துப் பயிற்சி வாசம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் நீளமான கூடம். ராஜபாளையம் பக்கத்து ஆசிரியர்களும் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஆசிரியர்களும் ஒரே கூடத்தில் தரையில் உட்கார்ந்திருப்போம். ஆனி மாதம் என்றால் மேற்கே மலையிலிருந்து சாரல்காற்று சன்னல் வழியாக நுழைந்து, நாங்கள் பாடுபட்டு வரைந்த சார்ட்டுகளை எல்லாம் கிளப்பிக்கொண்டு போகும். பூவின் பாகங்கள் ஒரு பக்கம், நம் தேசியச் சின்னங்கள் ஒரு பக்கம் பறக்க, ஐம்பது வயது ஆசிரியர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் பின்னால் ஓடுவதைப் பார்க்க வேண்டுமே. அப்படிச் சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்த நாட்கள் உண்டு.

ஆசிரியர்களை மாணவர்கள் இடத்தில் உட்கார வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? அத்தனை பேரும் மாணவர்களாகவே ஆகிவிடுவார்கள். பின்வரிசைக்கு அடிதடி. தாமதமாக வந்தால் பஸ்ஸின் மேல் பழி. சாப்பாட்டு மணிக்குக் கால்மணி நேரம் முன்பே பையைத் திறந்து மூடுகிற சத்தம். ராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசுகிற டீச்சர் ஒருவர் கொண்டுவரும் கோங்குரா என்கிற புளிச்சகீரைத் துவையலுக்கு நாங்கள் ஏழெட்டுப் பேர் கணக்கு வைத்திருப்போம். "பாகுந்தா, நல்லா இருக்கா?" என்று அவர் கேட்க, நாங்கள் வாயைத் திறக்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டுவோம்.

குழு பிரிப்பது இன்னொரு வேடிக்கை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக எண்ணச் சொல்வார்கள். ஒன்று சொன்னவர்கள் எல்லாம் மல்லிகை, இரண்டெல்லாம் முல்லை, மூன்று ரோஜா, நான்கு தாமரை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சிநேகிதிகளைப் பிரிப்பதற்கென்றே கண்டுபிடித்த முறை அது. நாங்கள் என்ன லேசுப்பட்டவர்களா? இரண்டாம் நாளே நாலு பேருக்கு ஒருத்தி என்று இடைவெளி விட்டு உட்கார்ந்துகொள்வோம். எல்லோரும் கரெக்டாக முல்லையில் வந்து விழுவோம். நாலாம் வாய்ப்பாட்டை அத்தனை அக்கறையாக நான் வேறு எங்கும் பயன்படுத்தியதில்லை.

கைதட்டலில்கூட வகை உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது மழைக் கைதட்டு. முதலில் ஒற்றை விரலால் உள்ளங்கையில் தட்ட வேண்டும், தூறல் மாதிரி. பிறகு இரண்டு விரல், மூன்று விரல் என்று கூட்டிக்கொண்டே போய், கடைசியில் முழுக் கையும் சேர்ந்து கொட்டும். நன்றாகச் செய்த ஒருவருக்கு அது கிடைத்தால், அந்த ஆள் அன்று முழுக்கத் தரையில் நடக்க மாட்டார்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே போய், சொல்ல வந்ததை விட்டுவிடப் போகிறேன். சங்கரலிங்கம் சாருக்கு வருகிறேன்.

நான் அப்போது சேத்தூருக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில் டீச்சர். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருக்கும். சங்கரலிங்கம் சார் என் தலைமையாசிரியர். பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு, நாங்கள் இரண்டே பேர். அவர் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்புக்கும் நான் ஒருத்தி. ஒன்றாம் வகுப்புக்கு "அம்மா, ஆடு" சொல்லிக்கொண்டே நாலாம் வகுப்புக்குப் பெருக்கல் போட்டு, நடுவில் மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் பெயரைக் கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்வேன். ராத்திரி கனவில்கூட எங்களுக்கு மூன்றாவது டீச்சர் ஒருவர் வருவார். முகம் தெரியாது. பஸ்ஸிலிருந்து இறங்குகிற கால் மட்டும் தெரியும்.

சங்கரலிங்கம் சார் நல்ல மனுஷர். அவரிடம் ஒரே ஒரு பழக்கம். எதைச் சொன்னாலும் முடிவில் "புரியுதா?" என்பார். வகுப்பில் மட்டுமல்ல. டீக்கடையில் "ஸ்டிராங்கா ஒண்ணு, சீனி கம்மியா, புரியுதா?" என்பார். முடிவெட்டுகிறவரிடம் "காதோரம் ஒட்ட எடுக்காத, புரியுதா?" என்பார். எங்கள் ஊர் மாடுகளுக்குக்கூட அவர் வழிவிடச் சொன்னால் புரிந்துவிடும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். நான் மட்டும் யோக்கியமா என்ன? நாங்கள் எல்லோரும் சொல்கிறவர்கள்தான். உங்கள் டீச்சர்களை நினைத்துப் பாருங்கள். அவர் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

அந்த வருஷப் பயிற்சிக்கு ஒரு புதுக் கருத்தாளர் வந்தார். கருத்தாளர் என்றால் எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வருகிற ஆசிரியர். ஒல்லியாக, அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, பார்த்தால் காலேஜ் பையன் மாதிரி இருந்தார். முதல் நாள் காலையில் வந்தவர் சார்ட்டும் மாட்டவில்லை, வாழ்த்துப் பாட்டும் பாடவில்லை. ஒரு எவர்சில்வர் டம்ளரை மேசை மேல் வைத்தார். பக்கத்தில் ஒரு கை புளியங்கொட்டை. பிறகு சொன்னார். "இந்தக் கூடத்துல யாரும் ‘புரியுதா’ன்னு கேக்கக் கூடாது. கேட்டா டம்ளர்ல ஒரு கொட்டை விழும்."

ஏன் என்று யாரோ கேட்டார்கள். நம் வகுப்பில் அதற்கு ஒரே பதில்தான் உண்டு என்றார் அவர். பிள்ளைகளுக்குப் புரிந்தாலும் "புரியுது", புரியாவிட்டாலும் "புரியுது". அதனால் நாம் கேட்பது கேள்வியும் இல்லை, அவர்கள் சொல்வது பதிலும் இல்லை என்றார்.

சங்கரலிங்கம் சார் உடனே எழுந்தார். "தம்பி சொல்றது சரிதான். ஆனா எனக்கெல்லாம் அந்தப் பழக்கமே கெடையாது, புரியுதா?"

டங்.

கூடமே சிரிப்பில் வெடித்தது. சார் சுற்றுமுற்றும் பார்த்தார். அவருக்கு ஏன் சிரிக்கிறோம் என்றே தெரியவில்லை. "என்னன்னு சொல்லிட்டுச் சிரிங்க, புரியுதா?" என்றார். இன்னொரு டங். அன்று மத்தியானத்துக்குள் டம்ளரில் பாதி எங்கள் சாருடைய கொட்டைதான். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் அவர் வாயைத் திறந்தாலே டம்ளரைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நாங்கள் வேண்டுமானால் அவரைக் கேலி செய்யலாம், அவர்கள் யார்?

இந்த இரண்டு ஊருக்கும் உள்ள வழக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம், பேச்சில் மட்டும் நூறு கிலோமீட்டர். "எங்களுக்குத் தேர் இருக்கு, பால்கோவா இருக்கு" என்பார்கள். "பால்கோவா திங்க நாங்கதான் வரணும்" என்போம். இப்படித்தான் போகும்.

இரண்டாம் நாள் கல்வி அலுவலர் அம்மா வந்தார். ஆள் அதிர்ந்து பேச மாட்டார், ஆனால் அவர் வந்தால் ஆண் ஆசிரியர்கள் எல்லாம் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். கடைசி நாள் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவர் உண்மையான பிள்ளைகளை வைத்து மாதிரி வகுப்பு நடத்த வேண்டும் என்றார். அதோடு நின்றிருந்தால் நாங்களும் வழக்கம்போல ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்திருப்போம். யாருடைய பாடம் நன்றாக இருக்கிறதோ அந்தப் பள்ளிக்கூடத்தை முன்மாதிரிப் பள்ளியாக எடுத்துக்கொண்டு, கூடுதலாக ஓர் ஆசிரியரை அனுப்புவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூடுதலாக ஓர் ஆசிரியர். என் காதில் அந்த மூன்று வார்த்தைதான் விழுந்தது. எங்கள் பக்கத்தில் யார் போனால் ஜெயிக்கலாம் என்று நான் மனதுக்குள் ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. சங்கரலிங்கம் சாருடைய கை.

"சார், கையைக் கீழே போடுங்க" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பெரியவர் சட்டையை இழுத்தேனே என்று இப்போது கூச்சமாக இருக்கிறது. அவர் காதிலேயே வாங்கவில்லை.

"கேட்டுப் பாப்பம் டீச்சர். கேட்டாத்தான குடுப்பாக. நீங்க ஒத்தையில கெடந்து அல்லாடுறது எனக்குத் தெரியாதா? புரியுதா?"

டங்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனுஷருக்கு என்மேல் இருந்த கரிசனமும், அவரை வைத்துக்கொண்டு ஜெயிக்கவே முடியாது என்கிற நிச்சயமும் ஒரே நேரத்தில் வந்தால் வேறு என்ன செய்வது?

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருந்து கோதை டீச்சர் வந்தார். அவர்கள் பக்கத்திலேயே கெட்டிக்காரர் அவர்தான். பாட்டு வரும், படம் வரும், துணியில் பொம்மை தைத்து விரலில் மாட்டிக்கொண்டு பேச வரும். எப்போதும் ஒரு சிவப்புச் சாக்குப்பை. அதற்குள்ளிருந்து கரடி வரும், ராஜா வருவார், மூன்று குரலில் பேசுவார்கள். நானே அவருடைய பாடத்தை வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன். இவரோடு மோத, எங்கள் சாரிடம் இருந்தது ஒரு சாக்பீஸும் ஒரு தோள்துண்டும்.

அடுத்த இரண்டு நாளும் பஸ்ஸில் எங்களுக்கு ஒத்திகைதான். போகும்போதும் வரும்போதும் அவர் பின்னத்தைப் பற்றிப் பாடம் நடத்துவார், நான் மாணவி. நாலாம் வகுப்புப் பாடம். மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா என்பதுதான் விஷயம். "புரி" என்று ஆரம்பித்தாலே நான் கையிலிருந்த குடையால் சீட்டுக் கம்பியில் ஒரு தட்டுத் தட்டுவேன். மில் ஷிப்டு முடிந்து ஏறுகிறவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேறு சீட்டுக்குப் போவார்கள். கண்டக்டருக்கு மட்டும் நாலாம் வகுப்புப் பின்னம் நன்றாக வந்துவிட்டது.

குடைத் தட்டு வேலைக்கு ஆகவில்லை. கடைசியில் நான்தான் ஒரு யோசனை சொன்னேன். நெல்லி வற்றல் ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சொல் நாக்கில் வரும்போதெல்லாம் புளிப்பு ஞாபகப்படுத்தும். வியாழக்கிழமை சாயங்காலம் சேத்தூர் வரைக்கும் ஒரு தடவைகூடச் சொல்லாமல் பாடம் நடத்தினார். இறங்கும்போது கண்டக்டர் கைகொடுத்தார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அத்தனை சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை. பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து நாலாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து நடுக்கூடத்தில் உட்கார வைத்தார்கள். சுற்றிலும் நாங்கள். முன்னால் நாற்காலியில் அலுவலர் அம்மா. கருத்தாளர் கையில் டம்ளர்.

முதலில் கோதை டீச்சர். நீர்ச் சுழற்சி. பையிலிருந்து மேகம் வந்தது, கடல் வந்தது, பாட்டு வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், சேர்ந்து பாடினார்கள், கேட்டதற்கெல்லாம் கோரஸாகப் பதில் சொன்னார்கள். குறித்த நேரத்தில் பாடம் முடிந்தது. டம்ளரில் ஒரு கொட்டைகூட இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் தட்டிய தட்டில் கூரை ஓடு பெயரும் என்று நினைத்தேன்.

பிறகு சங்கரலிங்கம் சார். கன்னம் ஒரு பக்கம் புடைத்திருந்தது. பல்வலியா என்று அலுவலர் அம்மா கேட்டார். இல்லை என்று தலையாட்டினார். கரும்பலகையில் ஒரே அளவில் இரண்டு வட்டம் போட்டார். ஒன்றை மூன்றாகப் பிரித்தார், ஒன்றை நான்காகப் பிரித்தார். மெதுவாக, நிதானமாக, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் வாயைத் திறந்து, புளிப்பு ஏறி, முகம் சுளித்து, மூடிக்கொண்டார். பிள்ளைகள் அந்த முகத்தையே ரசித்துப் பார்த்தார்கள். நான் என் முந்தானையைக் கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தேன். பாதிப் பாடம் தாண்டிவிட்டது. டம்ளர் காலி. கருத்தாளரே ஆச்சரியமாகப் பார்த்தார். மூன்றாவது டீச்சருடைய கால் பஸ் படிக்கட்டில் இறங்குவது எனக்குத் தெரிந்தது.

பாடத்தில் நன்றாக இறங்கிவிட்டால் மனுஷருக்குத் தன் ஞாபகம் இருக்காது. வற்றலை விழுங்கிவிட்டார். தொண்டைக்குழி ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். எழுந்து ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள், "ஆக, மூணுல ஒண்ணுதான் பெருசு, நாலுல ஒண்ணு சிறுசு. புரியுதா?" என்றார்.

டங் கேட்பதற்கு முன்பே இன்னொன்று நடந்துவிட்டது. பிள்ளைகள் சொல்லவில்லை. நாங்கள் சொன்னோம். சுற்றி உட்கார்ந்திருந்த ஆசிரியர்கள் அத்தனை பேரும், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற பேதம் இல்லாமல், ஒரே இழுவையாக, "புரியுது சா...ர்" என்றோம். அலுவலர் அம்மாவின் உதடும் அசைந்தது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

அதற்குப் பிறகு கூடம் கூடமாக இல்லை. அலுவலர் அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நான் மட்டும்தான் சிரிக்கவில்லை என்று நினைக்கிறேன். எல்லாம் போச்சு என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

சிரிப்பு அடங்கும்போது, நடுவில் ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்றாள். ரெட்டைச் சடை, ஒரு சடையில் மட்டும் ரிப்பன்.

"எனக்குப் புரியல சார்."

அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அத்தனை பேரும் புரிகிறது என்று சொன்ன பிறகு ஒரு பிள்ளை எழுந்து புரியவில்லை என்று சொல்லி நான் அதுவரை கேட்டதே இல்லை. அவளைக் கூட்டிவந்த டீச்சர், உட்காரச் சொல்லிக் கையால் சாடை காட்டினார். சங்கரலிங்கம் சார் அந்த டீச்சரைப் பார்த்துப் பொறுங்கள் என்று கை காட்டிவிட்டு, பிள்ளையின் பெயரைக் கேட்டார். பேச்சியம்மாள் என்றாள்.

"எந்த எடத்துல புரியல தாயி?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மொதல்லருந்தே."

எல்லோரும் மறுபடி சிரித்தோம். சார் சிரிக்கவில்லை. சாக்பீஸை மேசையில் வைத்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவளுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது. அலுவலர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். போட்டி என்று ஒன்று நடப்பதே சாருக்கு மறந்துபோயிருந்தது.

பேச்சியம்மாள்தான் அவரிடம் கேள்வி கேட்டாள். நாலு பெரிதா, மூணு பெரிதா என்றாள். நாலு என்றார். "பொறவு எப்பிடி சார் நாலு சிறுசாகும்?" என்றாள். கேட்டது நியாயம்தானே? இத்தனை வருஷமாக வட்டம் போட்டு வட்டம் போட்டு அழித்த எங்களில் யாருக்கும் அது கேள்வியாகத் தோன்றியதில்லை.

சார் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். அக்கா, அவள், தம்பி, மூன்று பேர். மாம்பழம் வாங்கினால் அம்மா எப்படிக் கொடுப்பார்? மூன்றாக அறுத்துக் கொடுப்பார். லீவுக்கு யாராவது வருவார்களா? சித்தி மகன் வருவான். இதைச் சொல்லும்போதே அவள் முகம் கோணிவிட்டது. அவன் வந்தால் மாம்பழம்? "எனக்குக் கொறையும் சார்" என்றாள். குரலில் அத்தனை மனக்கசப்பு. "அப்ப ஒனக்கு எம்புட்டு?" என்றார் சார். "நாலுல..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாய் திறந்தபடி கரும்பலகையைப் பார்த்தாள். இரண்டு வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, கூடமே அதிரும்படி சொன்னாள்.

"சார், சித்தி மகன் வராத பங்குதான் சார் பெருசு!"

யாரோ ஒற்றை விரலால் உள்ளங்கையில் தட்டினார்கள். கருத்தாளர்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு விரல். நாங்கள் சேர்ந்துகொண்டோம். மூன்று விரல், நாலு விரல், முழுக் கை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் எங்களைவிட ஓங்கித் தட்டினார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், வெளியே நிஜமாகவே சாரல் பிடித்துக்கொண்டது. சார் தரையிலிருந்து எழுந்திருக்க முடியாமல் கையை ஊன்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோதுதான் நாங்கள் எல்லோரும் அங்கே இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

ஜெயித்தது கோதை டீச்சர்தான். எங்களுக்கு டம்ளரில் ஒரு கொட்டை. அதோடு, பாடத்தை நேரத்துக்கு முடிக்கவில்லை. அலுவலர் அம்மா முடிவைச் சொன்னபோது நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். கைதட்டல் ஓய்ந்ததும் கோதை டீச்சர் எழுந்தார். பைக்குள் கையை விட்டு பொம்மை எதையும் எடுக்கவில்லை, தன் குரலிலேயே பேசினார்.

"மேடம், எங்க பள்ளிக்கூடத்துல ஆளு இருக்கோம். அவிய ரெண்டே பேருதான். அந்த ஆள அவியளுக்கே குடுங்க." உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்தார். "என் பாடத்துல ஒரு புள்ளகூடப் புரியலன்னு சொல்லல மேடம். அம்புட்டுக்கும் புரிஞ்சிருக்குமா? காலையிலருந்து எனக்கு அதேதான் ஓடுது."

பார்க்கலாம் என்றார் அலுவலர் அம்மா. அரசாங்கத்தில் ‘பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். ஊர் திரும்பும்போது பஸ்ஸில் சார் ஒத்திகை பார்க்கவில்லை, நானும் குடையால் தட்டவில்லை. கண்டக்டர் மட்டும் என்ன ஆச்சு என்று கேட்டார். தோற்றுவிட்டு வருகிறோம், ஆனால் சிரித்துக்கொண்டே வருகிறோம்.

காலாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளி திறந்த அன்று காலை, பிரேயர் நேரத்தில் பஸ் வந்து நின்றது. முதலில் ஒரு சிவப்புச் சாக்குப்பை இறங்கியது. பிறகு ஒரு கால். எனக்கு அந்தக் காலைத் தெரியும், கனவில் அத்தனை தடவை பார்த்திருக்கிறேனே. கோதை டீச்சர். தானே கேட்டு மாற்றுப்பணியில் வந்துவிட்டார். பிரேயரை அப்படியே விட்டுவிட்டு நான் ஓடினேன். பிள்ளைகளும் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

"ஏட்டி, ஒங்க ஊருக்கு பஸ்ஸு நேரத்துக்கே வராதா?" என்றார் என்னைப் பார்த்ததும். எங்கள் பக்கத்து ‘அடியே’ அது, அன்றிலிருந்து அவருக்கு நான் ஏட்டிதான்.

சங்கரலிங்கம் சார் துண்டைச் சரிசெய்துகொண்டு வந்தார். "வாங்க டீச்சர். இனிமே நாம மூணு பேரு, புரியுதா?" என்றார். கோதை டீச்சர் வாயாலேயே "டங்" என்றார்.

இரண்டில் ஒரு பங்கைவிட மூன்றில் ஒரு பங்கு எத்தனை லேசு என்பதை நான் அந்த வருஷம் உடம்பால் தெரிந்துகொண்டேன். மூக்கு துடைக்க ஒருவர், பெருக்கல் போட ஒருவர், கூட்டத்துக்குப் போக ஒருவர். யாராவது பிள்ளை எழுந்து "புரியல" என்றால் மூன்று பேருமே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அந்தப் பிள்ளையிடம் போய் நிற்போம். ஏதோ விருந்தாளி வந்த மாதிரி. ஒரு கட்டத்தில் பிள்ளைகள் எங்களை வரவழைப்பதற்காகவே புரியவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

சார் ஓய்வு பெற்று, பேரப்பிள்ளைகளிடமும் அந்தச் சொல்லைச் சொல்லித் தீர்த்து, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் காலமானார். கோதை டீச்சர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார், முழங்கால் வலி. அந்த நீளக் கூடத்தில் தடுப்பு வைத்து அறைகளாக்கிவிட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எங்களை எண்ணவைக்க ஆள் இல்லை. இப்போது நான் மட்டுமே மல்லிகை, நானே முல்லை. சாரலில் பறப்பதற்கு ஒரு சார்ட்டும் இல்லை. ஸ்கெட்ச் பேனாகூட இப்போது வாசமில்லாமல் வருகிறது.

நேற்றைய வீடியோவுக்கு வருகிறேன். அதில் அந்தத் தம்பி, தலைமையாசிரியர் எல்லாப் பொறுப்பையும் தானே சுமக்கக் கூடாது, ஆசிரியர் குழுவுக்குப் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்று அழகாகச் சொன்னார். நான் இப்போது தலைமையாசிரியையாக இருக்கிற பள்ளிக்கூடத்தில் நானும் இன்னொரு டீச்சரும்தான். குழு என்று அவர் யாரைச் சொல்கிறார்? அந்த இடம் எனக்கு நிஜமாகவே புரியவில்லை. பச்சைக் கோடு நிறைந்ததும் திரையில் ஒரு வரி வந்தது. ‘இந்தப் பகுதி உங்களுக்குப் புரிந்ததா?’ அதற்குக் கீழே ஒரு பொத்தான். ‘ஆம்.’ ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மேலும் கீழும் தள்ளித் தேடிப் பார்த்தேன். இன்னொரு பொத்தான் இல்லவே இல்லை.

கோதை டீச்சருக்குப் போன் போட்டுச் சொன்னேன். கெக்கெக்கே என்று சிரித்தார். எந்த இடம் என்று கேட்டார், சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப எந்திரிச்சு நின்னு புரியலன்னு சொல்ல வேண்டியதுதான ஏட்டி?"

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன், அடுக்களையில். எதிரே சம்மணம் போட்டு உட்காரத்தான் ஆள் இல்லை.